மாமன் மடி

செந்துறை
18.1.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மணிமொழி எழுதுவது. நானும் பாப்பாவும் நலம். நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு ஐந்து வயது முடியப்போகிறது. இன்னும் காது குத்தவில்லை. அம்மா இருந்தபோது இரண்டு தடவை நாள் குறித்தோம். ஒரு தடவை உங்களுக்குக் கிரிக்கெட் பைனல். இன்னொரு தடவை கொடைக்கானல் போய்விட்டீர்கள். "தாய்மாமன் மடியிலதான் குத்தணும், என் தம்பி வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா கண்ணை மூடிவிட்டது.

அப்பா போன இடம் தெரியாது. காரியத்தன்று, "ரெண்டு புள்ளைங்களுக்கும் நான் இருக்கேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். நான் ஒன்பதாவதோடு நின்று, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு முந்திரி உடைக்கப் போகிறேன். நீங்கள் வீட்டோடு வந்துவிட்டால் ஜூனில் நான் பள்ளிக்கூடம் போகலாம்.

தை 28, ஞாயிறு. திருமழபாடி கோயில். வந்துவிடுங்கள்.

மணிமொழி

பெரம்பலூர்
25.1.2024

மருமகளே,

என்னடி, தாசில்தாருக்கு மனு எழுதுற மாதிரி எழுதியிருக்க! ரூம்ல எல்லாரும் "லவ் லெட்டரா?"ன்னு என்னைய ஓட்டுறானுங்க.

கட்டாயம் வரேன். கம்மல், கவுன் எல்லாம் மாமன் சீர். பாப்பாவுக்கு ரிமோட் கார் வாங்கிட்டேன். இப்ப நாங்கதான் ஓட்டிக்கிட்டிருக்கோம், செம ஸ்பீடு! வீட்டோட வர்றதப் பத்தி நேர்ல பேசுவோம். முப்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா? டீம்ல இன்னும் நான்தான் ஓப்பனிங்.

உன் மாமன்
ரஞ்சித்குமார்

செந்துறை
14.2.2024

மாமாவுக்கு,

நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாப்பாவும் அன்று காலை சிரித்ததுபோல் சிரித்ததே இல்லை.

வலது காதில் குத்தியதும் வீறிட்டாள். "புள்ளையப் புடிப்பா, நீ ஏன் கண்ண மூடிக்கிற?" என்று மாயவன் ஆசாரி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள், "ஒரு நிமிஷம், போன் வருது" என்று பாப்பாவைக் கீழே இறக்கிவிட்டு எழுந்து போனீர்கள்.

போட்டோ எடுக்க நீங்கள் கொடுத்த போன் என் கையில் இருந்தது, மாமா.

கொள்ளிடக் கரை வரைக்கும் தேடினேன். பஸ் ஏறிவிட்டதாகப் பூக்காரம்மா சொன்னார். "நல்ல நேரம் முடியுது. வேற யார் மடி?" என்றார் ஆசாரி. அத்தனை பேர் முன்னால் நான்தான், "நான் உக்காந்துக்கிறேன்" என்றேன்.

இடது காது குத்தியது என் மடியில்.

மணிமொழி

பெரம்பலூர்
22.2.2024

மணி,

அவ அழுதது எனக்குத் தாங்கல. அக்கா ஞாபகம் வந்துருச்சு. கோவிச்சுக்காதடி, மாமன் பாவமில்லையா? ஜூன்ல கண்டிப்பா வீட்டோட வந்துடறேன்.

அந்தப் போன யார்கிட்டயாவது குடுத்துவிடு. மேட்ச் வீடியோ எல்லாம் அதுலதான் இருக்கு.

ரஞ்சித்குமார்

செந்துறை
1.3.2024

மாமாவுக்கு,

போனையும் இந்தக் கடிதத்தையும் பெரம்பலூர் பஸ் கண்டக்டர் தங்கசாமி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபமில்லை. பாப்பாவுக்குக் காது ஆறிவருகிறது. எண்ணெய் போட்டால் இப்போது அழுவதில்லை. நேற்று, "மாமாவுக்கும் குத்துனாங்களா? அதான் ஓடிருச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பத்தாவது தனியாக எழுத வைக்கிறேன், ஜூனில் வா என்று டீச்சர் என் பெயரை எழுதி வைத்திருந்தார். இன்று போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாப்பாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எப்போது வந்தாலும் உங்களுக்குச் சோறு இருக்கும். ஜூனில் வருகிறேன் என்று மட்டும் இனி எழுதாதீர்கள், மாமா. நான் நம்பிவிடுகிறேன்.

மணிமொழி