தறிக்கூடத்துப் பேச்சு

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

சோமனூர்ப் பள்ளியில் இன்று கவிதாவின் அம்மாவிடம் சொன்னேன், பிள்ளைக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று. சிறப்பாசிரியர் வேலையில் இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒன்றாம் வகுப்பு வரை வீட்டில் ஒருவருக்குமா தெரியவில்லை என்று எரிச்சலாகவே கேட்டுவிட்டேன். அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“தறி ஓடுறப்ப யாரு பேசுனாலும் கேக்காதுங்க. நாங்க எல்லாருமே கைசாடைதானுங்க. இவளும் தொட்டில்ல இருந்தே அங்கதான் கெடந்தா. எங்களாட்டமே சாடை காட்டுவா. பேச்சு லேட்டா வருமுன்னு நெனச்சுப்போட்டேனுங்க.”

கவிதா அம்மாவைப் பார்த்து விரல்களை அசைத்தாள். அம்மாவும் அசைத்தார். பிள்ளை சிரித்தாள். வகுப்பில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மந்தம் என்று கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

இனி முன்வரிசை, காதுக் கருவி, பேச்சுப் பயிற்சி என்று எல்லாம் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர், வாசல் வரை போய்த் திரும்பினார்.

“ஏனுங்க டீச்சர், தறிக்கூடத்துல இவளுக்கு ஒரு குறையும் இல்லீங்களே. இங்க வந்துதானுங்களே செவிடாயிட்டா?”