சோசையாவின் அம்மாவைத் தேடி நடந்தது

நுகுஅலோஃபா
திங்கட்கிழமை

அன்பு மகன் கெப்புவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ வேலைக்குப் போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் இங்கே கவலை.

செத்துப்போன உன் சிநேகிதன் சோசையாவின் பையை நியூசிலாந்திலிருந்து கொடுத்தனுப்பி, அம்மா, நீயே உன் கையால் அவன் அம்மாவிடம் கொடு என்று எழுதியிருந்தாயே, அதைச் சனிக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவனை அவன் அப்பாவின் தீவில் அடக்கம் செய்துவிட்டதால் நம் பக்கத்தில் யாருக்கும் அவன் அம்மா மெலேனைட் இருக்கும் வீடு தெரியவில்லை. போப்புவா என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டாய், போப்புவா என்ன ஒரே தெருவா. சேற்றில் செருப்பு புதைய, பன்றிகள் ஒதுங்கும் சந்தெல்லாம் நுழைந்து விசாரித்தேன். துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி, அவங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்ததுலேருந்து இங்க இல்லீங்க, கொலோமோட்டுவால தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க என்றாள். ஊரின் அந்தக் கோடி. மத்தியானத்தோடு பஸ்ஸும் நின்றுபோனது. நடந்தேதான் போகணும் என்றேன். உங்க கால் என்ன பாவம் பண்ணுச்சு என்று சிரித்தாள்.

கடற்கரை ரோட்டிலும் அரண்மனைப் பக்கத்திலும் கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் கூட்டம், அழுத முகத்தோடு அங்கே நடக்கப் பிடிக்காமல் பின்தெருக்கள் வழியாகவே போனேன். வழியில் ஒரு கோயில் படியில் உட்கார்ந்தேன், உள்ளே ஞாயிற்றுக்கிழமைக்குப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அன்று வண்டியை ஓட்டியது நான்தான் என்று சோசையாவின் அம்மாவிடம் சொல்லிவிடு என்று நீ எழுதிய வரி பையை விடக் கனமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன்.

மெலேனைட் கறுப்பு உடுத்தி, துக்கத்துக்குக் கட்டும் பாயை இடுப்பில் சுற்றி, வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் பையை வாங்கினாள். சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, சேறு காய்ந்த அவன் பூட்ஸை மட்டும் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்க்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்றபடியே, ஓட்டினது என் மகன்தான் என்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தெரியும் என்றாள், அன்னைக்கே சொல்லிட்டாங்க, மழைல வண்டி சறுக்கினா யார் என்ன பண்ண முடியும், எனக்குக் கோபம் அதுல இல்ல, உங்க மகன் ஒரு போன் பண்ணல பாருங்க அதுலதான், அவன் உசுரு போறப்ப கூட இருந்தது உங்க மகன் ஒருத்தன்தானே, கடைசியா என்ன பேசினான், வலிச்சுதா, என்னைக் கேட்டானா, இதையெல்லாம் நான் வேற யாருகிட்டப் போய்க் கேப்பேன் என்றாள்.

 அவள் கையிலிருந்து ஒரு பூட்ஸை வாங்கி நானும் தேய்த்தேன். பிறகு கீரையில் பொதிந்த இறைச்சி வைத்தாள், சாப்பிடாமல் விடவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு குதிகாலும் வெடித்திருந்தது. அப்பா வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். நேற்று கோயிலுக்குக்கூடப் போக முடியவில்லை. உடம்பு அலுத்துப்போச்சு கெப்பு, இனி உனக்காக நான் நடக்க வேண்டியது ஒன்றுமில்லை, மிச்சம் நீ பேச வேண்டியதுதான்.

மெலேனைட்டின் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தால் வீட்டில்தான் இருப்பாளாம். கடவுள் உன் நாக்குக்குத் தைரியம் கொடுக்கட்டும். என்னிடம் அப்புறம் பேசலாம், முதலில் அவளிடம் பேசு.

உன் அம்மா
லோசலைன்