கறுப்புக் கம்பு கதாநாயகிக்குத்தான்

என் பிரியமான மதினிக்கு,

சம்பந்தி என்று எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. மதினி என்று கூப்பிட்டே பழகிவிட்டது, கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். உங்கள் மகனுக்கு என் மகளைக் கொடுத்ததில் நம் இருவருக்கும் கிடைத்த ஒரே பேத்தி கயல், வானத்துச் சண்டைக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருந்தாளே, அது புத்தகமாக வந்துவிட்டது. அட்டையில் கயல்விழி என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

பாதிக் கதைதான் உங்களுக்குத் தெரியும். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் கப்பலில் போகிற கூட்டம், அவர்கள் கையில் வெளிச்சத்தால் ஆன கம்பு, அது வரைக்கும் அவள் உங்களைப் பார்க்க வடுகபட்டிக்கு வந்தபோது சொல்லியிருப்பாள். கம்புகளுக்கு நிறம் எப்படி வருகிறது என்று நான் சொல்கிறேன், கேளுங்கள்.

கைக்கு வரும்போது கம்புக்கு நிறமே கிடையாது. பிடித்தவர் முதன்முதலாக எதற்காக அதைத் தூக்குகிறாரோ, அதற்கு ஏற்ற நிறம் தானாக ஏறும். முன்னால் நின்று படையை நடத்தத் தூக்கினால் சிவப்பு. அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிவரப் போனால் மஞ்சள். பயிரையும் தண்ணீரையும் காக்கப் போனால் பச்சை. தனியாகப் போய் எதிரி ஊரை வேவு பார்ப்பவருக்கு நீலம். சமாதானம் பேசப் போகிறவருக்கு வெள்ளை, அதை வைத்து அடிக்கவே முடியாதாம். அப்புறம் எதற்கு அது என்று கேட்டேன். "கையை வீசிக்கிட்டுப் போனா எவன் மதிப்பான் அம்மாச்சி?" என்கிறாள்.

கதாநாயகி பெயர் நாச்சி. பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அடியைத் தான் வாங்கத் தூக்கினாள், அதனால் அவளுக்குக் கறுப்பு. கறுப்புக் கம்பு வெளிச்சம் தராது, வெளிச்சத்தை விழுங்கும். எதிரி எந்தப் பக்கம் சுட்டாலும் நெருப்பு வளைந்து அந்தக் கம்புக்குத்தான் வரும். நாச்சிக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகள் மேல் ஒரு பொறிகூடப் படாது.

வம்பு அங்கேதான் வந்தது. சென்னையிலிருந்து பதிப்பாளர் போன் போட்டார். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் கறுப்பை வில்லனுக்குக் கொடுத்துவிட்டு நாச்சிக்கு நீலம் கொடுங்கள், இந்த மாதிரிக் கதையில் கறுப்பு என்றாலே கெட்டவன்தான், மாற்றினால் உடனே அச்சுக்குப் போகும், இல்லையென்றால் வேண்டாம் என்றுவிட்டார். இவள் எத்தனையோ பேருக்கு அனுப்பியிருந்தாள். இவரைத் தவிர ஒருத்தரும் பதில்கூடப் போடவில்லை. இதையும் விட்டால் புத்தகமே கிடையாது.

நான் அவர் பக்கம்தான் பேசினேன். "மாத்திரு ஆத்தா. நீலம் நல்லாத்தான இருக்கும்? அந்தக் கறுப்பை எதுக்குக் கட்டிக்கிட்டு அழுகுற?"

"மாத்துனா அது என் கதை இல்ல."

"உன் பேரைத்தானடி போடப் போறாக?"

"பேரு என்னது, கதை அவுகளுதா? நல்லாருக்கு உன் நாயம்!"

இப்படி நாங்கள் முட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாத்திமா மகள் வயிற்றுப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தன் வீட்டில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் உத்தமபாளையத்தில் நானும் கயலும் இருக்கிற வீட்டுக்குத் தூக்கிவந்து காட்டிவிட்டுத்தான் போவாள், உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு நெற்றியில் மை, கன்னத்தில் மை, உள்ளங்காலில்கூட மை.

"இதென்ன பாத்திமாம்மா, இம்புட்டு மை?" என்று கேட்டாள் கயல்.

"கண்ணு பட்டுருமுல்ல? பாக்குறவுக கண்ணெல்லாம் இந்தப் பொட்டுல போயி விழுந்துரும். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு உங்கள் கட்டைவிரல் ஞாபகம் வந்துவிட்டது மதினி. கயல் பிறந்தபோது நீங்களே விளக்கெண்ணெயில் மை கூட்டிக்கொண்டு வந்து அவள் கன்னத்தில் அப்பினீர்களே! "பிள்ளை மூஞ்சியவிடப் பொட்டு பெருசா இருக்கு" என்றேன். "பெரிய கண்ணா வந்தா நீங்களா போயி நிப்பீக?" என்று கேட்டீர்கள்.

கயல் என் கண் முன்னாலேயே பதிப்பாளருக்குப் போன் போட்டாள். "சார், கறுப்பு கெட்டவனோட நிறமா இருக்கலாம். எங்க ஊர்ல அது பிள்ளையோட கன்னத்துல இருக்கு. நான் மாத்தல" என்றாள். அவர் ஏதோ சொன்னார். "அப்ப வேணாம் சார்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் வழக்கம்போல டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு தேனிக்கு லேப் வேலைக்குப் போய்விட்டாள். கைக்கு வந்த புத்தகத்தைத் தள்ளிவிட்டு அப்படி நிமிர்ந்து நடக்க நம் இரண்டு வீட்டிலும் யாருக்குத் தெரியும்? அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பதிப்பாளரே கூப்பிட்டார். கறுப்பே இருக்கட்டும், ஆனால் அது எப்படி வந்தது என்று வாசிக்கிறவர்களுக்குப் புரிய ஒரு அத்தியாயம் எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிவிட்டாள். ஊர் எரிகிறது, பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஒரு கிழவி வரிசையில் வந்து ஒவ்வொரு கன்னத்திலும் கட்டைவிரலால் மை வைக்கிறாள். ஒருத்தி பொட்டு பெருசு என்று சிடுசிடுக்கிறாள், கிழவி நீங்கள் சொன்னதையே சொல்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ இவளுக்கு! நீங்கள் நாச்சிக்கே வழிகாட்டி, நான் சிடுமூஞ்சி. போகட்டும்.

தேனியில் வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் அவள் நின்று பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை, ஆனால் கூட்டம் கைதட்டிய இடத்திலெல்லாம் நானும் தட்டினேன். முதல் பக்கத்தில் "வடுகபட்டி அப்பத்தாவுக்கு" என்று மட்டும் போட்டிருக்கிறாள். "அம்மாச்சி எங்கடி?" என்றேன். "நீதான் உசுரோட இருக்கியே, உன்கூட நேர்லயே சண்டை போட்டுக்கிறேன்" என்கிறாள். வாயைப் பார்த்தீர்களா? உங்கள் வாய்.

உங்கள் வருஷத் திதிக்கு வடுகபட்டிக்கு வருவேன். உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை முழுசாக வாசிப்பேன், இது சத்தியம். நீங்கள் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வரும். அவசரப்படுத்தக் கூடாது. நாச்சி கறுப்புக் கம்பைத் தூக்குகிற இடம் வந்ததும் குரலை உயர்த்தி வாசிப்பேன். தெரு முழுக்கக் கேட்கட்டும்.

கயலை உங்களோடு பங்கு போட்டுக்கொண்ட
உங்கள் சம்பந்தி,
அவளுடைய அம்மாச்சி