சந்தனம் குடித்த பதினோராம் வால்வு

என் அன்பு மாப்ளே சுந்தரத்துக்கு,

நீ இருக்கிற இடத்தில் கரண்டு ஒழுங்காக வருதா? இங்கே போன வாரம் உனக்கு முதல் தெவசம். பருப்பில் உப்பு கம்மி என்று உன் பெரியப்பா மகன் நாலு பேரிடம் சொன்னான். அதை நான் பதினாலு பேரிடம் சொன்னேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

பள்ளிக்கூடத்தில் 'ஏலே' என்று கூப்பிட்டவனை, என் தங்கச்சி சரசுவைக் கட்டிய பிறகு 'மாப்ளே' என்று கூப்பிட நான் பட்ட பாடு இருக்கிறதே. அருப்புக்கோட்டைக்கே மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற மனுசன். கருகிப்போன போர் மோட்டார் வந்து குவிந்து கிடக்க, நீயோ கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பழைய ரேடியோவில் இருக்குமே அந்த வால்வை, கண்ணாடி உருக்கி, கையாலேயே செய்யப்போகிறேன் என்றாய். மல்லாங்கிணற்றில் என் பாத்திரக்கடையைப் பூட்டிவிட்டு ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்தேன். காற்று உறிஞ்சுகிற பம்புக்கு எண்ணெய் ஊற்றுவதும் டீ வாங்கி வருவதும் என் இலாகா.

பரளச்சி மாமா ஒருநாள் ரிப்பேருக்குக் கொடுத்த மோட்டாரைக் கேட்டு வந்து நின்றாரே, ஞாபகம் இருக்கா?

"குப்பிக்குள்ள என்ன மாப்ள அடைக்கிறீக?"

"ஒண்ணுமில்ல மாமா. உள்ள இருக்க காத்த வெளிய எடுக்குறோம்" என்றாய்.

"ஒண்ணுமில்லாததுக்கா காலையிலருந்து பம்பு ஓடுது? எங்க கெணத்துலயும் அதான் இருக்கு. வந்து அள்ளிக்கிருங்க."

பத்து வால்வு செத்துப் பிறந்தது. பதினோராவது சிவப்பாக எரிந்தது. அதன் மண்டையில் உள்பக்கமாகப் படிந்த வெள்ளிப்பூச்சு கண்ணாடி மாதிரி மின்னியது. காற்று புகுந்தால் அது வெளுத்துவிடும், வெள்ளியாக இருக்கிற வரைக்கும் உயிர் இருக்கு மச்சான் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். அதைப் போட்ட ரேடியோ நாலு நாள் பாடியது.

ஐந்தாம் நாள் ஆயுத பூஜை. நீ பூசணிக்காய் உடைக்கத் தெருவுக்குப் போனாய். நான் சந்தனக் கிண்ணத்தோடு பம்புக்கு, குறடுக்கு, மோட்டாருக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். வந்த வேகத்தில் எரிந்துகொண்டிருந்த வால்வுக்கும் ஒன்று வைத்தேன். சூட்டுக் கண்ணாடியில் ஈரச் சந்தனம். 'டிக்' என்று ஒரு சத்தம்தான். வெள்ளி பாலாக வெளுத்தது.

வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, சாமி கும்பிடுகிறவன் மாதிரி கண்ணை மூடி நின்றேன். நீ வந்து பார்த்தாய். "நான் மூடுன சீலு சரியில்ல மச்சான்" என்றாய். அன்றிலிருந்து லென்சை வைத்துக்கொண்டு அந்த உடைந்த வால்வையே பார்த்தாய். ஊர் ரகசியமெல்லாம் என் வாயில் ஒரு பொழுது தங்காது. இது மட்டும் எப்படித் தங்கியது?

பன்னிரண்டாவதைச் செய்து மூடி, "ஞாயித்துக்கிழமை போடுவோம்" என்றாய். வெள்ளிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். ஒரு வருசமாக அதைத் தொடவில்லை நான். அதுவும் போய்விட்டால், உன் கை செய்தது என்று எது மிச்சம்?

தெவசச் சாப்பாடு முடிந்ததும் கடைக்கு வந்து சரசுதான், "போடுண்ணே" என்றாள். போட்டேன். சிவப்பாக எரிந்தது, மாப்ளே. தங்கச்சி ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு, "மழைக்கு வாய்ப்பில்லையாம்ணே" என்றாள். ஒரு வருசம் காத்திருந்து எங்களுக்கு வந்த சேதி அது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் படத்துக்கு வைத்த சந்தனக் கிண்ணத்தை எடுத்து அவள் வால்வுப் பக்கம் விரலை நீட்டினாள். பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"வேணாந்தா. சூட்டுல வச்சா வெடிச்சிரும். அன்னைக்கு நான் வச்சுத்தான்..."

வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் முகத்தில் ஒரு அதிர்ச்சியும் இல்லை.

"அவுகளுக்கு அன்னைக்கே தெரியும்ணே. விரிசலுக்குள்ள மஞ்சளா சந்தனம் ஏறியிருந்துச்சாம். லென்சுல எனக்கே காட்டுனாக."

"பெறகு ஏன்த்தா எங்கிட்ட கேக்கல?"

"மச்சான் வாயில ஒரு ரகசியம் எத்தன நாளு தங்குதுன்னு பாப்போம்னாக."

கடைக்கதவைச் சாத்தி, அதன் பின்பக்கத்தைக் காட்டினாள். சாக்பீஸ் கோடுகள். நீ சுற்றிய மோட்டார் கணக்கு என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கோடுகள். நாளுக்கு ஒன்றாகத் தொண்ணூற்றேழு. கடைசிக் கோடு நீ போனதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை போட்டது.

மூன்று மாசம் உடைந்த கண்ணாடியைப் பார்க்கிற சாக்கில் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். அத்தனை டீ வாங்கி வந்தேனேடா பாவி. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. சொல்லியிருப்பேனா?

இப்போது சொல்லிவிட்டேன், ஊரறிய. கதவை யாரும் துடைக்கக் கூடாதென்று சரசு உத்தரவு. பதிமூன்றாவதை நானே செய்யப்போகிறேன். உருக்கப் பழகுகிறேன், இரண்டு விரலில் கொப்புளம். அது எரிந்து, பாடி, நான் நிறுத்தி, கை பொறுக்கிற அளவுக்கு ஆறின பிறகுதான் பொட்டு வைப்பேன். இது சத்தியம்.

தொண்ணூற்றேழு நாள் வாயை மூடியிருந்த,
உன் மச்சான்