விதை எண்ணெய் படாத ஒரு வெள்ளிக்கிழமை

மில்வாக்கி,
தவக்காலத்து மூன்றாம் செவ்வாய்

அன்பு மகள் டெலியாவுக்கு,

மில்வாக்கி மாநகரத்து எண்ணெய்ச் சட்டிகளின் தலைமை ஆய்வாளரும் (பதவியை எனக்கு நானே வழங்கிக்கொண்டேன்), உன் அப்பாவின் ஒரே தம்பியுமான லியோ சித்தப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. டூசானில் நீ வெயிலில் வெந்துகொண்டிருப்பாய் என்று நினைத்து ஆறுதல் அடைகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் "அப்பா" என்று நான் ஆரம்பித்ததும் உனக்கு உடனே வேறு வேலை வந்துவிடுகிறது. கடிதமானால் நீ எழுந்து போனாலும் மேசைமேல் காத்திருக்கும்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்பது உன் அப்பா நார்பர்ட்டின் ஆணை. மீறுகிறேன். அவனுக்குத் தொண்டையில் கட்டி. அடுத்த வாரம் கழித்து வரும் புதன்கிழமை அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் குழாய் வழியாகத்தான் ஆகாரம் என்றார் டாக்டர். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். உன் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாமா? சாப்பிடலாம், சின்னச் சின்னத் துண்டாக என்றார்கள். காரில் திரும்பும்போது சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "டெலியா வருவாளாடா?" என்றான்.

நன்றி நாள் விருந்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. நீ எண்ணெய் பாட்டிலைத் திருப்பிப் படித்தாய். அவன், "என் அடுப்புல செஞ்சது உனக்கு விஷமாடி?" என்று கத்தினான். நீ கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். வான்கோழி ஆறிப்போனது. நானும் அங்கேதான் வாய் நிறைய உருளைக்கிழங்கோடு, எந்தப் பக்கமும் சேர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சோயா, கனோலா, சூரியகாந்தி என்று விதையில் பிழிந்தது எதையும் தொடாமல் இருந்தால் உன் வயிற்று நோவு அடங்குகிறது என்கிறாய். அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? நோவு உன்னுடையது. ஆனால் இந்த ஊரில் வெள்ளிக்கிழமை மீன் பொரிக்காத கடையும் இல்லை. அந்த எண்ணெயில் பொரிக்காத கடையும் இல்லை. ஆகவே படையெடுத்துப் புறப்பட்டேன். படை என்றால் நானும் என் முழங்கால் வலியும்.

உன் கூட்டத்தார் போனில் வைத்திருக்கும் வரைபடத்தை நானும் இறக்கிக்கொண்டேன். விதை எண்ணெய் இல்லாத கடைக்கெல்லாம் பச்சைப் புள்ளி. முதல் புள்ளியைத் தேடிப் போனால் அது இப்போது பல் டாக்டர் வீடு. எனக்கு மிச்சமிருக்கும் பற்களைப் பறிகொடுக்காமல் தப்பியது கடவுள் செயல். இரண்டாவது ஆற்றங்கரையில். விலைப்பட்டியலைப் பார்த்தால் ஆற்றையும் சேர்த்து விற்கிறார்களோ என்று தோன்றும். ஆலிவ் எண்ணெய் மட்டும்தான் என்று பரிமாறுகிற பையன் தாயின்மேல் சத்தியம் செய்தான். டின்னைக் காட்டு என்றேன். முன்பக்கம் நோவாவின் புறா குடும்பத்தோடு வந்து தங்கலாம் போல ஓர் ஆலிவ் கிளை. பின்பக்கம் எறும்பு எழுத்தில் முக்கால்வாசி கனோலா. "இது கலப்பு சார், எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க" என்றான் பாவம்.

இன்னொரு கடையில், "எல்லாம் வெண்ணெயில்தான் சார். பொரிக்கிறது மட்டும் சோயா" என்றார்கள். நான் கேட்டதே பொரிப்பதைத்தான். நம் பங்குக்கோவில் மண்டபத்துக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே மீன் பொரிக்கும் பெண்கள் என்னைக் கண்டதும், "லியோ, நீ திங்க வந்தியா, ரெய்டுக்கு வந்தியா?" என்று கரண்டியோடு சூழ்ந்துகொண்டார்கள். உயிரோடு திரும்பியதால்தான் இக்கடிதம்.

கடைசியில் தெற்கே, பழைய இரும்பு வார்ப்பட ஆலைக்குப் பின்னால், பெர்னீஸ் என்ற அம்மாள் நடத்தும் பாரில் நுழைந்தேன். எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டு முடிக்கவில்லை, "மாட்டுக்கொழுப்புல. எங்கப்பா காலத்துலேர்ந்து அதான். பிடிக்கலேன்னா கதவு அந்தப் பக்கம், பெருசு" என்றாள். அவள் கையைப் பிடித்து முத்தமிடப் போனேன். துடைக்கிற துணியால் அடித்தாள். மெழுகுவர்த்தி போல வெள்ளைவெளேர் என்று கொழுப்புப் பாளங்களைக் காட்டினாள். மாவு அவளே கரைப்பது. தட்டில் வைக்கும் உருளைக்கிழங்கு அடைக்கும் அங்கேயே துருவி, அதே கொழுப்பில் சுடுகிறாள். அடுத்த வார வெள்ளிக்கிழமை மாலைக்கு மூன்று பேருக்கு மேசை சொல்லிவிட்டு, வென்ற ராஜாவாக நார்பர்ட் வீட்டுக்குப் போனேன்.

அவன் கேட்டுவிட்டு, "டேய் லியோ, தவக்கால வெள்ளிக்கிழமையில மாட்டுக்கொழுப்பா? சுத்தபோசனம்டா அன்னிக்கு, எறச்சி ஆகாது!" என்றான்.

பிறந்ததிலிருந்து கோவிலுக்குப் போகிறவன் நான். எனக்கு இது தோன்றவே இல்லை, டெலியா. மாட்டைத் தவிர்க்கத்தானே மீனுக்கே போகிறோம். வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்றேன். வியாழக்கிழமை மீன் பொரிக்கிற ஊரும் உண்டா என்கிற மாதிரி பார்த்தான். நோயாளிகளுக்கு விலக்கு உண்டே என்றேன். "நான் நோயாளி இல்ல" என்று எழுந்து போய்விட்டான். அன்று சட்டையைக் கழற்றாமலே படுத்தேன்.

மறுநாள் அவன் என்னைக்கூட அழைக்காமல் பனியில் தனியாகக் கோவிலுக்கு நடந்திருக்கிறான். புதிதாக வந்த பங்குத்தந்தை பூசையில் கிதார் வாசிக்கிறார் என்பதால் அவரோடு இவன் பேசுவதே இல்லை. இப்போது அவன் குரல் தகரத்தில் மணல் கொட்டுவது போல இருக்கிறது; ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்து பாவமன்னிப்புப் பெற வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, மகளோடு மீன் சாப்பிட வேண்டும், கொழுப்பில் பொரித்தால் பாவமா என்று கேட்டிருக்கிறான். வந்து என்னிடம், "எறச்சிதான் கூடாதாம். கொழுப்புல பொரிச்சா பாவமில்லையாம். அந்த ஃபாதர் அவ்வளவு மோசமில்லடா" என்றான். கிதாரை மன்னித்துவிட்டான் என்றால் பார்த்துக்கொள்.

எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனால் சமையலறையில் பூதக்கண்ணாடியும் கையுமாக நிற்கிறான். "மீனுக்குத் தொட்டுக்கிற டார்டர் சாஸ்ல என்ன இருக்குன்னு பாத்தியாடா? மயோனைஸ் முழுக்கச் சோயா எண்ணெய். முட்டைக்கோஸ் சாலட்லயும் அதேதான். ஊரெல்லாம் சுத்தினியே, கண்ண எங்க வச்சிருந்த?" என்றான். தலைமை ஆய்வாளர் மாநகரத்துச் சட்டிகளையெல்லாம் எட்டிப் பார்த்தார். மீனுக்குப் பக்கத்தில் வைக்கிற சின்னக் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அன்றே பதவி விலகினேன்.

அந்தச் சாஸை இப்போது அவனே செய்கிறான். முட்டை மஞ்சள் கருவில் ஆலிவ் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடிக்கிறான். திரிந்து போகிறது. கொட்டிவிட்டு மறுபடி. எலுமிச்சை அவன் தொண்டையை எரிக்கிறது. ஆகவே நாக்கு என்னுடையது. "உப்பு போதுமா? ஊறுகாய் வெள்ளரி இன்னும் போடவா? அவளுக்கு அது நெறைய வேணும்" என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நேற்றுதான் சரியாகக் கூடி வந்தது. பெர்னீஸிடம் போய், வெளியிலிருந்து கொண்டு வரலாமா என்று கேட்டேன். "என் சாஸுக்கு என்ன கேடு?" என்று சீறினாள். காரணத்தைச் சொன்னேன். கையிலிருந்த கண்ணாடி டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்தாள். "கொண்டு வாங்க. சாலடும் அதுலயே கலந்து தரேன்" என்றாள்.

அவன் உனக்குப் போன் செய்ய மாட்டான். மன்னிப்பும் கேட்க மாட்டான். அந்த உறுப்பே அவனுக்கு வைக்கப்படவில்லை. நீயும் கேட்க வேண்டாம். வந்தால் என் சோபா உனக்கு. அதன் கம்பிகள் உன் முதுகைக் குத்தும் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

கடவுள் உன் வயிற்றையும் மனத்தையும் குளிர வைக்கட்டும். வெள்ளிக்கிழமை அவன் மெதுவாகத்தான் சாப்பிடுவான். இருமினால் கவனிக்காத மாதிரி இரு. நீ முதல் வாய் வைத்ததும், "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பான். புதன்கிழமைக்குப் பிறகு அந்தக் குரல் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆகவே உடனே பதில் சொல்லிவிடாதே, கண்ணு. காதில் விழாத மாதிரி இரு. இன்னொரு தரம் கேட்கட்டும்.

விமான நிலையத்து வாசலில் உன்னைத் தேடப்போகும்,
லியோ சித்தப்பா