இருபதடித் தண்ணி

அப்பாவுக்கு,

வணக்கம். உங்க முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா? நான் நல்லா இருக்கேன்.

"அணை ஒரு வாரமா இருபதடியிலேயே நிக்குதுன்னு ரேடியோவுல சொல்றான், நாத்து நடப் போறேன்"னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உங்க மேல இல்லப்பா.

அணையில நான் தினம் பார்த்து எழுதுற அளவுத்தூண்ல கீழ்க்கோடியில இருக்கிற கடைசி எண் இருபது. தண்ணி அதுக்கும் கீழ இறங்கிப் பதினஞ்சு நாளாச்சு. "தூண்ல இல்லாத எண்ணை எப்படிய்யா எழுதுவே? இருபதுன்னே போடு"ங்கிறார் இன்ஜினியர். படிச்ச மனுஷன் பேசுற பேச்சா இது?

நேத்து டேப்பை எடுத்துக்கிட்டு நானே சேத்துல இறங்கிட்டேன். தூணடியிலிருந்து எட்டடி கீழ கிடக்கு தண்ணி. ஒரு செருப்பு சேத்தோட போச்சு, வேற ஒண்ணும் ஆகல. பன்னிரண்டுன்னு எழுதினேன். அந்த ஆள் என் கண்ணெதிரேயே அதை அடிச்சுட்டு இருபதாக்கினார்.

என் பழைய செருப்பை அனுப்புங்க. அம்மாவையும் ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க. இங்க தூண்கிட்டதான் பேச வேண்டியிருக்கு.

தபால்காரர் நிக்கிறார். நாத்து நடாதீங்கப்பா. நீங்க நம்புன அந்த இருபதை முந்தாநாள் வரைக்கும் எழுதினது உங்க மகன்தான்.