சின்னவளின் லேமினேஷன் மார்க்ஷீட்

எனக்கும் தங்கச்சிக்கும் பொதுவான, என் ஆசை அப்பாவுக்கு,

தொண்டாமுத்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, கோயமுத்தூரில் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டோம். இங்கே பீரோ சின்னது. தாள்களையெல்லாம் போனில் படமெடுத்து ஏற்றிவிட்டு, எதைக் காகிதமாக வைப்பது, எதைக் கிழிப்பது என்று நேற்று கட்டில் நிறையப் பரப்பி உட்கார்ந்தேன்.

வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், உங்கள் இறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலாகவே இருக்கட்டும். பழைய கரண்ட் பில், ஜெராக்ஸ் கட்டு குப்பைக்கு. அதுவரை நன்றாகத்தான் போனது. அப்புறம் சின்னவளின் மார்க்ஷீட் கையில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாபகம் இருக்கிறதா அப்பா? காந்திபுரம் வரை பஸ் ஏறிப் போய், அவளுடையதை மட்டும் லேமினேஷன் போட்டு வந்தீர்கள். "ஆனை வந்து ஓட்டப் பிரிச்சுப்போட்டாலும் இது நனையாது கண்ணு" என்று அவளிடம் கொடுத்தீர்கள்.

"அப்ப என்னுதுங்கப்பா?" என்றேன்.

"நீ இங்கயேதான இருக்கப்போற அம்மணி, உனக்கெதுக்கு?"

என்னுடையது ரேஷன் கார்டுக்குள் மடிந்து கிடந்தது. நான் என்ன, தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா?

இப்போது கேளுங்கள். சின்னவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. மார்க்ஷீட்டில் முத்திரை வாங்கப் போனால், "பிளாஸ்டிக் மேல எப்படிங்க சீல் வெக்கறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓரத்தை உரித்தால் எழுத்தும் கூடவே வருகிறது. டூப்ளிகேட்டுக்கு நாயாய் அலைந்தாள்.

"நீ குடுத்து வெச்சவக்கா. அப்பா உன்னுதத் தொடவே இல்ல" என்று போனில் அழுதாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஆமாம், தொடவே இல்லை.

டூப்ளிகேட் வந்ததும் பழசை என் வீட்டில் போட்டுவிட்டு, "தூக்கி வீசிப்போடுக்கா" என்று சொல்லிப் போனாள். நேற்று வீசத்தான் எடுத்தேன். மூலை கையில் வழவழவென்று பட்டது. பிளாஸ்டிக்கின் நாலு மூலையையும் கத்தரிக்கோலால் வளைத்து வெட்டியிருக்கிறீர்கள், அவள் கையைக் கீறிவிடக் கூடாதென்று. கடைக்காரர் வேலை இல்லை இது. ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு கோணல். உங்கள் கைதான்.

எனக்கு எதற்காவது இப்படி மூலை வெட்டினீர்களா அப்பா?

என்னுடைய மார்க்ஷீட் எந்த ஆபீஸிலும் செல்லும். அதோடு சேர்த்து, எங்கேயும் செல்லாத இதையும் பீரோவில் வைத்துவிட்டேன். என்றைக்காவது சின்னவள் கேட்டு வருவாள். கொடுக்கமாட்டேன். உங்கள் மேல் சத்தியம்.

உங்களை முதலில் அப்பா என்று கூப்பிட்டவள்,
உங்கள் மூத்த மகள்